பங்காளி வீட்டு இரும்பு

என் அண்ணனை வெட்டிக் கொன்றவரையும் நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். பெரியப்பா மகன். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு டிராக்டர் போகிற அளவுக்குத்தான் சந்து. குலசாமி ஒன்று, கிணறு ஒன்று, பிறப்புக்கும் இறப்புக்கும் தீட்டு ஒன்று. என் அண்ணன் செத்ததற்கு முறைப்படி அவருக்கும் தீட்டு உண்டு. அதை அவர் மதுரைச் சிறையில் இருந்துகொண்டு கழித்தார்.

வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. போலீசிடமும் வக்கீலிடமும் அவர் சொன்னது ஒன்றேதான். "அவன் என்னைய வெட்டுறதுக்கு எல்லாத்தையும் சேத்து வச்சிருந்தான். நான் முந்திக்கிட்டேன்." அண்ணன் சேர்த்து வைத்திருந்தது உண்மை, இல்லை என்று நான் சொல்லவில்லை. வெட்டுவதற்காகத்தான் சேர்த்தானா என்பதில்தான் இரண்டு குடும்பமும் அழிந்துபோனது.

இதில் கேவலம் என்னவென்றால், இந்த மாதிரிக் கேள்விக்குப் பதில் எழுதுவதுதான் என் பிழைப்பு. மதுரையில் ஒரு நாளிதழில் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறேன். குடியிருப்பது ஆனையூரில். சொந்த ஊருக்கு, காளவாசலில் பஸ் ஏறினால் மேற்கே முக்கால் மணி நேரம். வெளிநாட்டுப் பக்கம் பார்ப்பவனுக்குப் போர் வருவது முன்கூட்டியே தெரியும் என்று ஊர் நம்பியது. காதுகுத்துக்குப் போனாலும் கேட்பார்கள், எழவுக்குப் போனாலும் கேட்பார்கள். "சைனாக்காரன் எப்ப மோதப் போறான்?" பாடையைத் தூக்கப் போகிற நேரத்தில் ஒருவர் என் தோளைத் தட்டிக் கேட்டிருக்கிறார்.

சில வருசங்களாக என் மேசைக்கு ஒரே செய்தியே வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. சீனா தானியம் சேர்க்கிறது, கச்சா எண்ணெய் சேர்க்கிறது, செம்பு சேர்க்கிறது, கப்பல் மேல் கப்பலாகக் கட்டுகிறது, ராணுவத்துக்கு மேலும் மேலும் செலவழிக்கிறது. அப்படியானால் போர் வருமா? கூடவே ஆகாயத்திலிருந்து எடுத்த படங்கள் வரும். வரிசை வரிசையாகக் கிடங்குக் கூரைகள். கூரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தவன் ஒருவனும் இல்லை. ஆனாலும் நிபுணர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசுவார்கள். பானை நிறைய அரிசி வைத்திருப்பவன் பஞ்சத்துக்குப் பயப்படுகிறவன் என்று ஒரு கட்சி. இல்லை, அவன் பந்தி போடப் போகிறவன் என்று இன்னொரு கட்சி. இரண்டு பேர் பேச்சையும் சம அளவில் வெட்டி ஒட்டிப் பக்கத்தை முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவேன். அந்தப் பக்கத்தை ஊரில் ஒரு வரி விடாமல் படித்தது ஒரே ஒருவன். என் அண்ணன்.

அண்ணன் எங்கள் ஊரில் மேலே வந்துகொண்டிருந்த ஆள். முதலில் வாடகைக்கு ஒரு பொக்லைன் ஓட்டினான். அப்புறம் சொந்தமாக வாங்கினான், டிப்பர்கள் வாங்கினான், ஊருக்கு வெளியே அல்ல, சந்துக்குள்ளேயே வீட்டை ஒட்டிப் பெரிய தகரக் கொட்டகை போட்டான். அவனுக்கு எதையும் லோடு கணக்கில்தான் யோசிக்க வரும். ஒரு மூட்டை வெங்காயம் வாங்கி வா என்று மதினி சொன்னால் ஒரு வண்டி வெங்காயம் வந்து நிற்கும். அழுகிப் போனதும் அதையும் லோடாகத்தான் கொட்டுவான்.

பெரியப்பா வீடு பழைய பெரிய வீடு. எங்கள் பக்கம் மாசி மாத சிவராத்திரிக்குத்தான் குலசாமி கும்பிடு. சாமிப் பெட்டியைச் சுமந்து வந்து கோயில் வாசலில் இறக்கியதும் முதல் விபூதியும் தலைக்குப் பரிவட்டமும் பெரியப்பா வீட்டுக்குத்தான். அண்ணன் கோயிலுக்குச் சொந்தச் செலவில் கூரை போட்டுக் கொடுத்த வருசம், "ஒரு வருசம் அவன் வாங்கட்டும், ஒரு வருசம் நான் வாங்குறேன்" என்றான். பெரியப்பா மகன் சிரித்தார். அண்ணன் அறைந்துவிட்டான். சாமிப் பெட்டிக்கு முன்னால், பெண்டு பிள்ளைகள் பார்க்க, பளீரென்று கன்னத்தில். பெரியப்பா மகனின் மச்சினன் கையிலிருந்த தேங்காயை வீசினான். அது அண்ணனைத் தாண்டி, பின்னால் நின்ற டிரைவரின் வாயில் பட்டது. அவன் முன்பல் விபூதித் தட்டில் போய் விழுந்தது. மாற்றுத் தட்டு இல்லாததால் பூசாரி பல்லை எடுத்துப் போட்டுவிட்டு அதே தட்டிலிருந்து மற்றவர்களுக்கு விபூதி கொடுத்தார். நானும் வாங்கிப் பூசிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த பொங்கலுக்கு அவனியாபுரம் வாடிவாசலில் பெரியப்பா மகனின் காளை பிடிகொடுக்காமல் ஓடிப் பரிசு வாங்கியது. ஊருக்குத் திரும்பிய சில நாளில் அது தொழுவத்தில் பின்னங்கால் நரம்புகள் அறுபட்டுக் கிடந்தது. எழப் பார்த்து எழப் பார்த்துச் சாணியிலேயே புரண்டது. கத்தக்கூட அதற்குத் தெரியவில்லை, மூக்கு வழியாக ஊதிக்கொண்டே இருந்தது. மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டு முடித்துவைத்தார். யார் அறுத்தது என்று இன்றைக்கும் தெரியாது. அண்ணன் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தான். நான் நம்பினேன். பெரியப்பா மகன் நம்பவில்லை. அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

இந்த லட்சணத்தில்தான் அண்ணனுடைய நேர்த்திக்கடன் வந்து சேர்ந்தது.

முந்தின வருசம் கண்மாய்க் கரையில் பொக்லைன் சரிந்து, அண்ணன் அதற்கடியில் பாதி உடம்போடு மாட்டிக்கொண்டான். சேற்றுக்குள் முகம் புதைந்துகொண்டே போனபோது எங்கள் குலசாமி கருப்பனுக்கு அரிவாள் சாத்துகிறேன் என்று நேர்ந்துகொண்டானாம். எங்கள் ஊரில் ஒருவன் ஓர் அரிவாள் நேர்வான், கூடிப்போனால் ஒரு ஜோடி. அண்ணன் வண்டி நிறைய நேர்ந்தான். சாகக் கிடக்கும்போதும் லோடு கணக்குத்தான்.

சாமி அரிவாளுக்கு எங்கள் ஊரில் சில கட்டுத்திட்டம் உண்டு. பட்டறையிலிருந்து மஞ்சள் துணி சுற்றித்தான் வர வேண்டும். கோயிலில் பிரிக்கும்வரை நேர்ந்தவனைத் தவிர யாரும் கண்ணால் பார்க்கக் கூடாது. தரையில் படக் கூடாது. பதம் போடுகிற வழக்கம் கிடையாது. சாமிக்குக் கூர் எதற்கு என்பார்கள். அதனால் அவனியாபுரத்துப் பட்டறையிலிருந்து லோடு ஆட்டோ தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டு வந்தது. கொட்டகைக்குள் போனதும் கதவு சாத்தப்பட்டது. சந்துக்கு அந்தப் பக்கம் இருந்த வீட்டிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அதே மாதத்தில் டீசல் டிரம்கள் வந்து இறங்கின. அரிசி மூட்டைகள் வந்தன. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது மதினி, "தம்பி, இந்த வீட்டுல உக்கார எடமில்ல. எல்லாம் மூட்டையாக் கெடக்கு. ஒங்க அண்ணன என்னான்னு கேளுங்க" என்றார்.

கேட்டேன்.

"நீதானடா போட்ட?" என்றான் அண்ணன். "சைனாக்காரன் எண்ணெயச் சேக்குறான், தானியத்தச் சேக்குறான்னு வாரம் பூராம் போடுற. சண்டன்னு வந்தா டீசல் கெடைக்குமா? வண்டி ஓடலைன்னா டிரைவருக்குச் சோறு யாரு போடுறது? நான் படிச்சவன் இல்ல, ஆனா படிக்கிறத நம்புறவன்."

"வரும்னு நான் போடலண்ணே. வருமான்னுதான் போட்டேன்."

"வராதுன்னும் போடலையே."

எனக்கு ஆத்திரமாக வந்தது. சீனாக்காரன் எங்கோ கிடங்கு கட்டுவதற்கு இவன் இங்கே கிடங்கு கட்டுகிறான், இவன் கட்டுவதைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர் என்ன கட்டப் போகிறாரோ என்று நினைத்தேன். கொட்டகையில் தங்க, வடநாடு வரை வண்டி ஓட்டிய டிரைவர் பையன்கள் நான்கைந்து பேரைக் கொண்டுவந்து வைத்திருந்தான். டீசலை யாராவது திருடிவிடுவார்கள் என்று கேமரா மாட்டினான். அதில் ஒன்று நேராகப் பெரியப்பா மகனின் வாசலைப் பார்த்தது. "சந்து அம்புட்டுத்தேன் அகலம். வேற எங்குட்டுத் திருப்புறது?" என்றான். பெரியப்பா மகன் பதிலுக்குத் தன் மச்சினனைத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏற்றி உட்கார வைத்தார். அவன் பகல் பூராவும் கொட்டகையைப் பார்த்துக்கொண்டு பீடி குடித்தான்.

சிவராத்திரிக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது பெரியப்பா மகன் என்னைக் காளவாசலில் ஒரு டீக்கடைக்கு வரச் சொன்னார். நான் போனபோது சுவரோரமாக, முதுகை யாருக்கும் காட்டாமல் உட்கார்ந்திருந்தார். மெலிந்துபோயிருந்தார். டீ ஆறி ஆடை படிந்துவிட்டது, அவர் தொடவில்லை.

"தம்பி, எனக்கும் வழக்கம் தெரியும். சாமி அருவாள மூடித்தேன் கொண்டாருவாய்ங்க. ஆனா எந்த வருசத்துல எவன்டா ஒரு வண்டி கொண்டாந்தான்? ஆளுகள எதுக்குக் கொண்டாந்து வச்சிருக்கான்? அரிசி எதுக்கு? செயிலுக்குப் போனா வீட்டுல பொண்டாட்டி புள்ள திங்கவா?"

"டீசலும் அரிசியும் வேற காரணத்துக்குண்ணே. சண்டை வந்தா தட்டுப்பாடு வரும்னு."

"எந்தச் சண்டை?"

"சீனாக்காரன் சண்டை."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பச்சைப் பொய் சொல்கிறேன் என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. உண்மையைச் சொல்லி அதைவிட அசிங்கப்பட்ட நாள் எனக்குக் கிடையாது.

"அவன் மனசுல என்ன இருக்குன்னு மட்டும் பாத்துச் சொல்லு" என்றார். "ராவெல்லாம் முழிச்சுக் கெடக்கேன். செருப்புச் சத்தம் கேட்டாலும் எந்திரிச்சு உக்காந்துக்கிறேன். எம்புட்டு நாளைக்கி இப்பிடிக் கெடக்குறது? அடிக்கிறதுன்னா அடிச்சிட்டுப் போகட்டும். இல்லைன்னா இல்லைங்கட்டும்."

அன்றே ஊருக்குப் போனேன். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கொட்டகைக்குள் நுழைந்து மரப்பலகை மேல் கிடந்த ஒரு பொதியின் துணியை விலக்கினேன். பார்க்கக் கூடாதுதான். சாமி என்னைப் பிறகு தண்டித்துக்கொள்ளட்டும் என்று பார்த்தேன். பெருவிரலை அரிவாளின் வாயோரத்தில் வைத்து மெல்ல இழுத்தேன். சதை பிளந்து ரத்தம் மணிக்கட்டுவரை வழிந்தது. அடுத்த பொதியைப் பிரித்தேன். அதிலும் பதம். அதற்கடுத்ததிலும்.

கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு போய் அண்ணன் முன்னால் நின்றேன்.

"பதம் போட்டிருக்கு."

"பட்டறைக்காரன் பழக்க தோசத்துல போட்டுட்டான்."

"அத்தனைக்குமா?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "கெடா வெட்டணும்ல" என்றான்.

"எத்தனை கெடா வெட்டுனாலும் ஒரு அருவா போதும்ணே. என்னைய என்ன, டவுன்ல பொறந்தவன்னு நெனைச்சியா?"

அண்ணன் சிரித்தான். சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த சிரிப்புதான். "அவன் பயப்படட்டும்டா" என்றான். "இத்தன வருசமா அவன் வீட்டு வாசல்ல நாம பயந்தோம்ல? இப்ப அவன் கொஞ்ச நாளைக்கிப் பயந்து பாக்கட்டும். பயந்தான்னா பரிவட்டத்த அவனாக் கொடுப்பான். நான் எதுக்கு அவன வெட்டணும்?"

"பயந்தவன் சும்மா இருக்க மாட்டாண்ணே."

"அவனா? அவன் கோழி அறுக்கக் கூட ஆளக் கூப்புடுறவன்."

அந்தப் பேச்சை நான் எத்தனையோ தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். 'நான் எதுக்கு அவன வெட்டணும்' என்றபோது அண்ணன் கண் என்னைப் பார்க்கவில்லை, சோற்றைப் பார்த்தது. சோறு தின்கிறவன் சோற்றைத்தான் பார்ப்பான். அதிலிருந்து எதைக் கண்டுபிடிப்பது? வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

இரண்டு வீட்டுக்கும் நாயாக அலைந்து நான் ஓர் ஏற்பாட்டைச் செய்தேன். சிவராத்திரி சனிக்கிழமை வந்தது. சாமி கும்பிடு இருட்டிய பிறகுதான் என்றாலும், அரிவாள்களைக் காலையிலேயே கோயிலுக்கு ஏற்றிவிட வேண்டும். பெரியப்பா மகன் சந்தில் நின்று தன் கண்ணால் பார்ப்பார். வண்டி போய்விட்டால் கொட்டகையில் இரும்பு கிடையாது, அவருக்கும் பயம் கிடையாது. அவர் ஒத்துக்கொண்டார். "சனிக்கெழம ஒம்பதுல இருந்து பத்தரை வரைக்கும் ராகு காலம். அது கழியட்டும், பத்தரைக்கு மேல ஏத்தச் சொல்லு" என்றார். அண்ணனும் சரி என்றான். எனக்கு அன்று இருந்த பெருமையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஐந்து கண்டத்துச் சமாதானப் பேச்சையும் பக்கத்தில் போட்டவன், சொந்த ஊரில் ஒன்றை நடத்திவிட்டேன் என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் ஊருக்குள் போனபோது லோடு ஆட்டோ சந்துக்குள் நின்றது. டிரைவர் பையன்கள் பொதிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"என்னண்ணே இது? பத்தரைக்கு மேலன்னு தானே பேச்சு?"

"அவன் குறிச்ச நேரத்துல நான் எதுக்குடா ஏத்தணும்?" என்றான் அண்ணன். "ராகு காலத்துக்குப் பின்னாடி ஏத்துனா என்ன, முன்னாடி ஏத்துனா என்ன? சாமிக்கு ரெண்டும் ஒன்னுதேன். கோயிலுக்குத்தான போகுது?"

பெரியப்பா மகனுக்குப் போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. போன் வீட்டில் கிடந்தது என்றும், அவர் கிணற்றில் குளித்துக்கொண்டிருந்தார் என்றும் பிறகுதான் தெரிந்தது. தண்ணீர்த் தொட்டியை நிமிர்ந்து பார்த்தேன். மச்சினன் அங்கே இல்லை. அவன் பார்த்ததெல்லாம் இதுதான்: சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே அரிவாள்கள் வெளியே வருகின்றன, ஆட்கள் வண்டியில் ஏறுகிறார்கள். வீட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு நேராகக் கிணற்றுக்கு ஓடியிருக்கிறான்.

கடைசியாக ஏற்ற வேண்டியது பெரிய அரிவாள். ஆளைவிட உயரம். அண்ணன் பிடிப்பக்கம், ஒரு பையன் நுனிப்பக்கம். கொட்டகை நிலையைத் தாண்டும்போது ஆணியில் மாட்டித் துணி கிழிந்து நழுவியது. வெயில் அதில் பட்டுச் சுவரெல்லாம் அடித்தது. நான் அண்ணனுக்குப் பின்னால் நிலைப்படியில் நின்றேன்.

சந்தின் இரண்டு வாயிலிருந்தும் பெரியப்பா வீட்டு ஆட்கள் வந்தார்கள். முன்னால் வந்தவர் பெரியப்பா மகன். இடுப்பில் ஈர வேட்டி, தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, சோப்பு நுரைகூடக் காதில் அப்படியே இருந்தது. கையில் வீட்டு அரிவாள். யாரும் கெட்ட வார்த்தை பேசவில்லை, யாரும் யாரையும் கூப்பிடவில்லை. லோடு ஆட்டோ டிரைவரைத்தான் முதலில் போட்டார்கள். தோள்பட்டை பிளந்து அவன் ஸ்டியரிங் மேல் கவிழ்ந்ததும் ஹாரன் ஒலிக்கத் தொடங்கி நிற்காமல் ஒலித்தது. எவனோ ஒரு டிரம்மைக் காலால் உருட்டி டீசலைக் கொட்டித் தீ வைத்தான். பையன்கள் சுவரேறிக் குதித்தார்கள். நுனியைப் பிடித்திருந்தவன் நுனியை விட்டுவிட்டு ஓடினான்.

அந்த நேரத்தில் முழு எடையும் அண்ணன் கைக்கு வந்தது. நுனி தரையை நோக்கி இறங்கியது. அண்ணன் முழங்கையை உயர்த்தினான். அரிவாள் அவன் தலைக்கு மேல் எழுந்தது.

நான் பார்த்தது முதுகைத்தான். முதுகுச் சதை இறுகியதைப் பார்த்தேன். அந்த முகத்தைப் பார்த்தவர் எதிரில் நின்றவர் ஒருவர்தான். அவர் வெட்டினார். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறங்கியது. உருவுவதற்கு அவர் காலை அண்ணன் வயிற்றில் வைத்து மிதிக்க வேண்டியிருந்தது. மறுபடியும் வெட்டினார். அண்ணன் மல்லாக்க விழுந்தான். சாமி அரிவாள் அவன் நெஞ்சின் மேலேயே விழுந்தது. தரையில் படவில்லை.

நான் என்ன செய்தேன் என்று கேட்பார்கள். கொட்டகை வாசலில் கிடந்த பெரிய ஸ்பேனரை எடுத்து மச்சினன் முகத்தில் அடித்தேன். கன்னத்து எலும்பு உள்ளே போன சத்தம் கேட்டது, அடித்துக்கொண்டே இருந்தேன். அவன் விழுந்த பிறகும் அடித்தேன். ஒரு கண் அவனுக்குப் போய்விட்டது. அதற்கு என் மேலும் வழக்கு இருக்கிறது. வருத்தம் இல்லை, பொய் சொல்ல மாட்டேன். பெரியப்பா மகன் என்னை வெட்டவில்லை. ரத்தம் சொட்டும் அரிவாளைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஈர வேட்டியோடு நடந்தே போனார், போலீஸ் ஸ்டேசனுக்கு.

அண்ணனைத் தீக்கு வெளியே இழுத்து மதினியும் நானும் ஒரு காரில் ஏற்றினோம். மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியில் என் மடியிலேயே உயிர் போனது. அவன் ஏதாவது சொன்னானா என்று இன்றைக்கும் எல்லாரும் கேட்கிறார்கள். தொண்டையில் ரத்தம் கொப்புளித்தது. அவ்வளவுதான் அவன் சொன்னது.

லோடு ஆட்டோவிலிருந்த பொதிகளைப் போலீஸ் பிரித்துப் பார்த்தது. எல்லாவற்றிலும் பதம். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதுவே போதுமாக இருந்தது. கூர் ஏற்றிய அரிவாள், ஆட்கள், டீசல், ஆறு மாத அரிசி, எதிர் வீட்டைப் பார்க்கும் கேமரா. இது போருக்கான ஏற்பாடு இல்லையென்றால் எது ஏற்பாடு என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே கிடையாது. நானும் அதைத்தான் அண்ணனிடம் கேட்டேன்.

கருமாதி முடிந்து மொட்டைத் தலையோடு வேலைக்குப் போன அன்று என் மேசையில் அதே செய்தி காத்திருந்தது. புதிய படங்கள், புதிய கிடங்குக் கூரைகள். இந்த அளவுக்குச் சேர்ப்பவன் நோக்கம் தெளிவு என்று ஒரு நிபுணர் சொல்லியிருந்தார். கம்ப்யூட்டரை எட்டி உதைத்தேன். திரை விரிசல் விட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் துக்க வீட்டுக்காரன் என்று விட்டுவிட்டார்கள். பிறகு வேறொரு மேசையில் உட்கார்ந்து அந்தச் செய்தியைப் போட்டேன். சம்பளம் வாங்குகிறேனே.

போன மாதம் கோர்ட்டில் பெரியப்பா மகனைப் பார்த்தேன். வாய்தாவுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். மதிய நேரம், வராந்தாவில் பெஞ்சில் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் தாண்டிப் போகப் பார்த்தேன்.

"தம்பி" என்றார்.

நின்றேன். கால் தானாக நின்றது.

"ஒன்னு கேக்கணும். கேசுக்காகக் கேக்கல. நீ கோர்ட்டுல எப்பிடி வேணாலும் சொல்லிக்க." குரலைத் தாழ்த்தினார். "நீ அவனுக்குப் பின்னாடிதேன் நின்ன. அவன் அருவாளத் தூக்குனான்ல? என்னைய வெட்ட ஓங்குனானா, இல்ல சாமி அருவா தரையில படக் கூடாதுன்னு தூக்கிப் புடிச்சானா?"

"நீங்கதானண்ணே எதிர்ல நின்னீங்க. மூஞ்சியப் பாத்தீங்கள்ல?"

"கண்ணுல சோப்புத் தண்ணிடா. ஒன்னும் தெரியல. அருவா மேல போனது மட்டுந்தேன் தெரிஞ்சுச்சு." அவர் என் பக்கம் சாய்ந்தார், விலங்கு லேசாகச் சத்தம் போட்டது. "கண்ண மூடுனா அதுதேன் வருது. ஓங்குனான்னு சொல்லிரு. அது போதும் எனக்கு. தூக்குல போட்டாலும் நிம்மதியாப் போயிருவேன்."

போலீஸ்காரர்களில் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு மறுபடியும் செல்போனுக்குள் குனிந்துகொண்டார். எனக்கு அந்த முதுகு ஞாபகம் வந்தது. இறுகிய சதை ஞாபகம் வந்தது. நுனி கீழே இறங்கியதும் உண்மை, அது தலைக்கு மேல் வரை போனதும் உண்மை. தரையில் படாமலிருக்க அவ்வளவு உயரம் தேவையில்லை. ஓங்குவதற்கு அந்த எடையைத் தூக்க வேறு வழியும் இல்லை. எனக்குத் தெரியாது. அண்ணனுக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்.

"தூக்கிப் புடிச்சாண்ணே" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார்.

"நுனி தரையில பட்டுரும்னு தூக்கிப் புடிச்சான். ஒங்கள வெட்டணும்னு அவனுக்கு நெனப்பே இல்ல. பரிவட்டத்துக்காகப் பயங்காட்டத்தேன் வச்சிருந்தான். எங்கிட்டயே சொன்னான்."

"நெசமாவா?"

"நெசமாத்தேன்."

அவர் தலையைக் குனிந்து பெஞ்சின் விளிம்பில் நெற்றியால் இடித்தார். இரண்டாவது தடவை இடிக்கும்போது போலீஸ்காரர் சட்டையைப் பிடித்து நிமிர்த்தினார். புருவத்துக்கு மேல் தோல் கிழிந்து ரத்தம் மூக்கோரமாக இறங்கியது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். போதும் என்று தோன்றும்வரை நின்று பார்த்தேன்.

வெளியே வந்து கோர்ட்டுக்கு எதிரே ஒரு கடையில் உட்கார்ந்தேன். அண்ணன் செத்ததிலிருந்து சோறு எனக்கு மண்ணாகத்தான் இறங்கியது. அன்றைக்கு நன்றாகப் பசித்தது. இலை போடச் சொல்லி, கேட்டுக் கேட்டு வாங்கி, வயிறாரச் சாப்பிட்டேன்.